இரண்டு குல்லத்துத் தண்ணீர்

எங்கள் குன்னத்தில் வாழ்பவர்க்குக் கடல் நெடுந்தொலைவு. ஆயினும் காரைப் பக்கத்து மண் வேறு கதை சொல்லும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தது. ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லச்சுகள் அங்குள்ள ஓடைச் சரிவுகளில் இன்றும் தென்படுகின்றன. அப்பால் கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பண்டைய பவளப்பாறையே கல்லாகிக் கிடக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளோடு அவற்றைப் பார்த்து வந்த என் மகளின் மகன், "நன்னா, நம் வீட்டிலேயே ஒரு கடல் வைத்தால் என்ன?" என்று கேட்டான். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தே பழகியவனுக்குத் 'தெரியாது' என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். 54 லிட்டர் கொள்ளும். சிறியதாயின் பராமரிப்பு எளிது என்பது என் எண்ணம். கடலுப்பைக் கரைத்து, கற்களை அடுக்கி, சென்னையிலிருந்து வரவழைத்த இரு கோமாளி மீன்களை மறுநாளே அதில் விட்டேன்.

கோடை வெயிலில் நாள்தோறும் நீர் வற்றியது. வற்றிய அளவுக்கு உப்புநீரையே ஊற்றி வந்தேன். பத்தாம் நாள் சுபுஹுக்கு எழுந்தபோது ஒரு மீன் மிதந்தது. அஸருக்குள் மற்றொன்றும் மடிந்தது. பேரன் அழுதான். நான் வானிலையைக் குறை கூறினேன்.

அடுத்த வாரம் மத்ரஸாவில் தண்ணீர்ப் பாடம் வந்தது. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்து அளவை எட்டிய தண்ணீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறம், சுவை, வாடை மாறாதவரை அது அசுத்தமாவதில்லை. அதற்குக் குறைந்த நீரோ விழுந்தவுடனே கெட்டுவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழமுள்ள தொட்டி இரண்டு குல்லம் கொள்ளும் என்பது பிக்ஹு நூல்களின் கணக்கு. முழத்தை 48 சென்டிமீட்டர் எனக் கொண்டால் அது 216 லிட்டர். ஹனஃபி மத்ஹபினர் பத்துக்குப் பத்து முழ ஹவுளைப் பேசுவதும் 'பெருநீர்' என்ற இதே கருத்தில்தான்.

முப்பது ஆண்டுகளாக நடத்திய பாடம். அன்றுதான் அது என் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்தது! வுளூவின் சட்டத்தை மீனுக்குப் பொருத்தி நான் பத்வா கொடுக்கவில்லை. ஆனால் பெருநீர் தாங்கும், சிறுநீர்நிலை தாங்காது என்ற உண்மை இரண்டுக்கும் பொது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. கல்லிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. அவை பெருகப் பல வாரங்கள் ஆகும்; நான் ஒருநாள்கூடப் பொறுக்கவில்லை. அதே கழிவு 54 லிட்டரில் கலந்தால், 216 லிட்டரில் கலப்பதைவிட நஞ்சு நான்கு மடங்கு செறிவாகும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகவே ஈடுசெய்ய ஊற்றவேண்டியது உப்பில்லாத தூயநீர். மின்சாரம் நின்றால் விரைவில் சூடேறுவதும் சிறிய தொட்டியே.

பெரிய தொட்டிக்கும் அதற்குரிய சுமை உண்டு. 216 லிட்டர் கடல்நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ 221 கிலோ; கண்ணாடியும் கல்லும் தனி. தரை தாங்கவேண்டும், பணப்பையும் தாங்கவேண்டும். நீர் அதிகமென்று மீன்களைக் குவித்தால் பெருநீரும் சிறுநீரின் நிலையை அடைந்துவிடும்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூஉமைர் வளர்த்த சிறு குருவி இறந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அச்சிறுவனிடம் கனிவோடு பேசி ஆறுதலளித்தார்கள். அந்த ஒரு ஹதீஸிலிருந்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் ஏறத்தாழ அறுபது கருத்துகளை எடுத்துக்காட்டி ஒரு நூலே எழுதினார். பறவை வளர்க்கும் அனுமதியும் அவற்றுள் ஒன்று. எனினும் பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காத பெண்ணைப் பற்றிய ஹதீஸும் புகாரீ, முஸ்லிமில் உள்ளதே. முன்னது அனுமதி; பின்னது அதன் நிபந்தனை. நான் அனுமதியை மட்டும் வாசித்தவன்.

"பவளமும் வைப்போமா?" என்று பேரன் மீண்டும் கேட்டான். மர்ஜான் என்ற சொல் சூரா ரஹ்மானில் இருமுறை வருவதை அவன் அறிவான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986 முதல் தேசியப் பூங்காவின் காப்பில் உள்ளன. கற்பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். 2016இல் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியதால் அங்கேயும் பவளங்கள் வெளிறி மடிந்தன. எல்லையற்றதாய்த் தோன்றும் கடலுக்கே தாங்கும் அளவு ஒன்று உண்டு. அந்த சூராவின் தொடக்கத்தில் மீஸான் என்னும் தராசு மும்முறை பேசப்படுவதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரு தாளில் கணக்கெழுதி வருகிறோம். 216 லிட்டர்த் தொட்டி, செயற்கைப் பாறை, பண்ணையில் பிறந்த இரண்டே மீன்கள். நான் ஊரில் இல்லாத நாளில் நீர் ஊற்றுபவர் யார், மின்சாரம் நின்றால் செய்வதென்ன? கடைசி இரு கேள்விகளுக்கு நேரே இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அது நிரம்பும்வரை பழைய பெட்டியும் வெறுமையாகவே இருக்கும். பேரனிடம் 'தெரியாது' என்று சொல்லவும் இப்போது கற்றுக்கொண்டேன், அல்ஹம்துலில்லாஹ்.