அளந்து வைத்த நகரம்

வார்சாவின் பழைய நகரம் என் அம்மாவைவிட இளையது. அம்மா பிறந்தது 1948-இல். போலந்துத் தலைநகரின் அந்தப் பழைய நகரச் சந்தைச் சதுக்கம் மறுபடி கட்டி முடிக்கப்பட்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது 1953 ஜூலை 22-இல். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் சதுக்கத்துக்குள் கால் வைத்தபோது, படித்ததை நம்ப என் கண் மறுத்தது.

தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஒடுங்கிய, உயர்ந்த வீடுகள். ஒன்று காவி, அடுத்தது பாசிப்பச்சை, அதற்கடுத்தது வெளுத்த செங்கல் நிறம். ஒரு வீட்டு ஜன்னலின் மட்டம் பக்கத்து வீட்டு ஜன்னலோடு சேரவில்லை. கதவு நிலைகளில் கல் செதுக்கல்கள், பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறி எடுத்த சித்திரங்கள். நடுவில் வாளும் கேடயமுமாக ஒரு கடற்கன்னி. அவள்தான் இந்த நகரத்தின் சின்னம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த ஊர், தலைமுறை தலைமுறையாக இழைத்து இழைத்து இப்படி ஆகியிருக்கிறது என்று யார் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

“எழுபது வருஷத்துக் கட்டடம்னா யார் சித்தி நம்புவாங்க?” என்றாள் அக்கா மகள். கட்டட மரபுப் பாதுகாப்பு படிப்பதற்காக ஐரோப்பாவுக்கு வந்தவள். என்னை இங்கே இழுத்து வந்ததும் அவள்தான்.

1944 ஆகஸ்ட் 1-இல் வார்சா மக்கள் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். எஞ்சியவர்களை ஊரைவிட்டு விரட்டிய பிறகுதான் அடுத்த வேலை தொடங்கியது. ஆளில்லாத நகரத்தை ஜெர்மானியர் தெருத் தெருவாக எரித்தார்கள். எரியாததை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வரலாற்று மையத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்தது என்கிறது யுனெஸ்கோ. சண்டையில் விழுந்த குண்டுகளின் கணக்கு மட்டுமல்ல இது. சண்டை ஓய்ந்த பிறகு, நிதானமாக, திட்டமிட்டுச் செய்த அழிவும் இதில் அடக்கம்.

திட்டம் என்று நான் சொல்வது வரைபட மேசையில் போடப்படும் திட்டத்தையும் சேர்த்துத்தான். 1940 தொடக்கத்திலேயே ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத் திட்டமிடுநர்கள் வார்சாவுக்கு ஒரு புதிய வரைபடம் தீட்டிக் கொடுத்திருந்தார்கள். சுமார் 13 லட்சம் பேர் வாழ்ந்த நகரம், ஏறத்தாழ 1,30,000 ஜெர்மானியர்களுக்கான சிற்றூராகச் சுருங்க வேண்டும் என்பது அதன் சாரம். கோடுகள் நேர்த்தியானவை, பூங்காக்களுக்கும் இடம் விட்டிருந்தார்கள். வரைந்தவர்கள் படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள். நகரத் திட்டக் கலையின் வரலாற்றில் அந்தத் தாளை நினைத்துத்தான் நான் அதிகம் கலங்குகிறேன்.

இங்கே வரும் பயணிகள் எல்லோர் காதிலும் ஒரு கதை விழும். அழிந்த வார்சாவை ஓர் ஓவியர் காப்பாற்றினார் என்ற கதை. வெனிஸ்காரரான பெர்னார்டோ பெல்லோட்டோ, புகழ்பெற்ற கனலெட்டோவின் மருமகன். மாமாவின் பெயரையே தானும் சூட்டிக்கொண்டவர். 1760-களின் இறுதியில் மன்னர் ஸ்டானிஸ்வாவ் ஆகஸ்ட் பொனியதோவ்ஸ்கியின் அரண்மனைக்கு வந்து, 1780-இல் இங்கேயே இறந்தார். வார்சாவின் வீதிகளையும் மாளிகைகளையும் தேவாலயங்களையும் அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டினார். அவற்றில் 22 ஓவியங்கள் இன்று அரச கோட்டையில் ஒரே அறையில் தொங்குகின்றன. அந்த ஓவியங்களைப் பார்த்துத்தான் நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

க்ரகோவ்ஸ்கியே ப்ஷெட்மியேஷ்சியே என்ற அகன்ற வீதியில், அவர் எந்தெந்தக் காட்சியைத் தீட்டினாரோ அந்தந்த இடத்திலேயே ஓவியத்தின் நகலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். 1770-களின் குதிரை வண்டி நிற்கும் இடத்தில் இன்று பேருந்து நிற்கிறது; பின்னால் அதே கோபுரம், அதே வளைவு. உடம்பு சிலிர்த்தது. இந்த வீதியைப் பொறுத்தவரை கதையில் உண்மை இருக்கிறது. இங்குள்ள மாளிகைகளையும் தேவாலயங்களையும் திரும்ப எழுப்பியபோது பெல்லோட்டோவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தச் சந்தைச் சதுக்கத்தை பெல்லோட்டோ தீட்டவே இல்லை. தீட்டிய இடங்களிலும் அவர் ஓவியர். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று அங்கங்கே கைவைத்தவர். ஓவியத்திலிருந்து முகப்பை எடுக்கலாம். சுவரின் கனம் எத்தனை, மாடிப்படி எங்கே திரும்புகிறது, நிலவறையின் வளைவு எவ்வளவு ஆழம், இதையெல்லாம் எங்கிருந்து எடுப்பது?

அதை எடுத்து வைத்திருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலைத் துறை இருப்பது கோஷிகோவா தெருவில். அங்கே பேராசிரியர் ஆஸ்கர் சோஸ்னோவ்ஸ்கி 1920-களில் போலந்துக் கட்டடக்கலைக்கென்று ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். நூற்றாண்டுக்கும் மேலாக நாடே வரைபடத்தில் இல்லாமல் கிடந்து, 1918-இல்தான் திரும்ப எழுந்திருந்தது. நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் என்ன கட்டடங்கள் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடி, அளவு நாடாவும் பென்சிலுமாக மாணவர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். மர தேவாலயம், சத்திரம், யூத ஜெபக்கூடம், சிற்றூர்ச் சந்தை, வார்சாவின் பழைய வீடுகள் என்று தளம், முகப்பு, வெட்டுத்தோற்றம் எல்லாவற்றையும் அளந்து வரைந்தார்கள்.

கட்டடக்கலை படித்த எவருக்கும் இந்த வேலை தெரியும். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்ளும் வேலை. புழுதியும் ஒட்டடையும் தலையில் விழும், வீட்டுக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பார். மதிப்பெண்ணுக்காகச் செய்து முடித்து, சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிற வேலை. அந்தச் சுருள்களுக்காக ஒரு பேராசிரியர் உயிரை விட்டார். 1939 செப்டம்பர் முற்றுகையின்போது துறையின் சேகரிப்பைக் காக்க நின்ற சோஸ்னோவ்ஸ்கி படுகாயமுற்று, அடுத்த மாதம் இறந்தார்.

அவர் விட்ட இடத்தில் மாணவர் யான் ஸாக்வாதோவிச் தொடர்ந்தார். ஆக்கிரமிப்பாளர்கள் பல்கலைக்கழகங்களை மூடிவிட்டார்கள்; பாடம் ரகசியமாக நடந்தது, அளவெடுப்பும் நின்றுவிடவில்லை. எந்த வீடு எப்போது இடியும் என்று தெரியாத ஊரில், இடிவதற்குள் அளந்துவிட வேண்டும் என்ற அவசரம். 1944 இலையுதிர் காலத்தில், வெளியேற்றப்பட்ட நகரத்துக்குள் நுழைந்து கலைப்பொருள்களையும் நூல்களையும் மீட்க, தேசிய அருங்காட்சியக இயக்குநர் ஸ்டானிஸ்வாவ் லோரென்ட்ஸ் தலைமையில் ஒரு குழு அனுமதி பெற்றது. சுற்றிலும் தெருக்கள் எரிந்துகொண்டிருக்க, வரைபடங்கள் வெளியே போயின. தெற்கே பியோத்ர்கூவ் ஊரின் பெர்னார்தின் துறவியர் மடத்துக் கல்லறைகளுக்குள் அவற்றை ஒளித்து வைத்தார்கள்.

1945 ஜனவரியில் நகரம் விடுபட்டபோது, இடிபாட்டை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு வூட்ஜ் நகரத்தைத் தலைநகராக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. ஆனால் பிப்ரவரியிலேயே தலைநகர் மறுகட்டுமான அலுவலகம் தொடங்கிவிட்டது. அக்டோபரில் வந்த ஆணை வார்சாவின் நிலம் முழுவதையும் நகராட்சியின் உடைமையாக்கியது. அதனால் பறிபோன சொத்துகளின் வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த ஆணை இல்லாமல் இத்தனை வீடுகளை ஒரே கையால் திட்டமிட்டிருக்க முடியாது. அலுவலகத்தின் ஆவணங்கள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இருக்கின்றன, 2011 முதல். பழைய நகரம் உலக மரபுப் பட்டியலில் ஏறியது 1980-இல்.

ப்ஷோசோவா தெருவில், பழைய வீடுகளின் நிலவறைகளில், மறுகட்டுமானத்தின் கதையைச் சொல்லும் ஒரு காட்சியகம் இருக்கிறது. மேலே வீடு போனாலும் கீழே நிலவறைகள் பல இடங்களில் பிழைத்திருந்தன. அந்தச் செங்கல் வளைவுகளில் கை வைத்தேன், மேலே எங்கும் கிடைக்காத பழைய குளிர் அங்கே கிடைத்தது.

அங்கேதான் அக்கா மகள் எனக்குக் காட்டினாள், திரும்ப வந்தது 1939-இன் நகரம் அல்ல என்று. போருக்கு முன்பு இந்த வீடுகளின் பின்கட்டுகள் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் நெரிசலில் புழுங்கின. அந்தப் பின்கட்டுகளைத் திரும்பக் கட்டவில்லை. முற்றங்களைத் திறந்துவிட்டு மரம் நட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சேர்க்கைகளை விட்டுவிட்டார்கள். முகப்புச் சித்திரங்கள் பல, 1953-இல் ஓவியர்கள் புதிதாகக் கற்பனை செய்தவை. புனித யோவான் பேராலயத்துக்குப் போருக்கு முன்பு இருந்தது ஆங்கில பாணியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்பு. ஸாக்வாதோவிச் அதைத் தவிர்த்து, மசோவியப் பகுதிக்கே உரிய செங்கல் கோதிக் முகப்பை வடிவமைத்தார். வீடுகளுக்குள்ளே பழைய தளமும் இல்லை. குழாய்த் தண்ணீரும் குளியலறையும் உள்ள நவீன குடியிருப்புகள்.

“அப்போ இது பொய்யா சித்தி?” என்று கேட்டாள். படிக்கிற பிள்ளை, என்னைச் சோதிப்பதற்காகத்தான் கேட்டிருப்பாள்.

பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. இந்த ஊர் தானாக அழிந்ததல்ல. இவர்களுக்கு ஊர் இருந்ததென்ற நினைவே மிஞ்சக்கூடாது என்று ஒருவர் முடிவெடுத்து அழித்தது. அப்படிப் பறிக்கப்பட்டதைத் திரும்ப வாங்கும்போது, ஈரச் சுவரையும் இருட்டு முற்றத்தையும் சேர்த்து வாங்கத் தேவையில்லை என்றால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. உறுத்துவது வேறொன்று. வார்சாவைக் கட்டச் செங்கல் போதவில்லை. ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு மாறிய வ்ரோத்ஸ்வாவ், ஷ்செட்சின் போன்ற மேற்கு நகரங்களிலிருந்து வண்டி வண்டியாகச் செங்கல் வந்தது. அங்கே நின்றவையும் பழைய நகரங்கள்தான். அவற்றை யாரும் தங்கள் ஊராக நினைக்கத் தொடங்காத அந்த ஆண்டுகளில், அவை கல்குவாரிகளாயின.

அரச கோட்டை இன்னும் நீண்ட கதை. 1939-இன் முடிவிலேயே ஜெர்மானியர் அதன் சுவர்களில் வெடிமருந்துக்காக ஆயிரக்கணக்கில் துளை போட்டு வைத்தார்கள், தகர்த்தது 1944-இல். இடையில் லோரென்ட்ஸும் அவரோடிருந்தவர்களும் கதவு, தரைப் பலகை, சிற்பம், நெருப்புமாடத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் பெயர்த்து எடுத்துக் காத்தார்கள். 1971-இல் மறுகட்டுமான முடிவு வந்தது. மக்கள் தந்த நன்கொடையால் எழுந்த கோட்டை 1984-இல் திறக்கப்பட்டது. கோபுரக் கடிகாரம் 1939 செப்டம்பர் 17 அன்று 11.15 மணிக்கு நின்றது. 1974-இல் அதே 11.15-க்கு ஓடவிட்டார்கள். உள்ளே புதிய சுவரில் ஆங்காங்கே பதிந்திருக்கும் பழைய கல் துண்டுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அளவு இருந்ததால் இடம் தெரிந்தது.

மறுநாள் முரானுவுக்கு டிராமில் போனோம். நாஜிகள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவின் பெரும்பகுதி அது. 1943-இல் அங்கிருந்த யூதர்கள் எழுச்சி செய்த பின் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இந்தத் தெருக்களை எந்த ஓவியத்தைப் பார்த்தும், எந்த அளவு வரைபடத்தைப் பார்த்தும் திரும்பக் கட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வாடகை வீடுகளை அன்றைய திட்டமிடுநர்கள் மரபாகக் கருதவும் இல்லை. அவற்றை நினைவில் வைத்திருந்த மனிதர்களில் பெரும்பாலோர் உயிரோடும் இல்லை. கட்டடக்கலைஞர் போஹ்தன் லாஹெர்ட் இடிபாட்டை அள்ளிப் போடாமல், அதையே அரைத்துக் கான்கிரீட் கட்டிகளாக்கி, எஞ்சிய இடிபாட்டு மேடுகளின் மேலேயே குடியிருப்புகளை எழுப்பினார். பூச்சு இல்லாமல் சாம்பலும் சிவப்புமாக அந்தச் சுவர்கள் துக்கத்தைச் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். பார்க்கச் சோகமாக இருக்கிறது என்று குறை எழுந்ததும் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். தெருவிலிருந்து வீட்டு வாசலுக்கு இங்கே படி ஏறித்தான் போக வேண்டும். அந்த உயரம் முழுவதும் பழைய தெரு. ஒரு பாட்டி காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்.

சதுக்கத்தில் வாய் பிளந்து நின்றவள், இங்கே பேச்சற்றுப் போனேன். எதை அளந்தார்களோ, எதை மதித்தார்களோ, அது திரும்பி வந்தது. ஆய்வுக்கூடத்தில் எந்தக் கட்டடத்தை அளக்கலாம் என்று எடுக்கும் சின்ன முடிவு இத்தனை தூரம் போகிறது.

திரும்பும் வழியில் சாக்சன் அரண்மனை இருந்த சதுக்கத்தில் இறங்கினோம். 1944 டிசம்பரில் அது தகர்க்கப்பட்டபோது மிஞ்சியது மூன்று வளைவுகள்; அவற்றின் கீழ் பெயரறியா வீரரின் கல்லறை, அணையா விளக்கு. அரண்மனையைத் திரும்பக் கட்ட 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை என்றேன். பழைய நகரத்தைக் கட்டியவர்கள் அதில் வாழ்ந்தவர்கள். எண்பது வருஷம் கழித்து, மூன்று வளைவுகளையே அரண்மனையாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எதற்கு?

“கோட்டையை மட்டும் நாப்பது வருஷம் கழிச்சுத் தொறக்கலையா சித்தி? அப்பவும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. அளவெல்லாம் இருக்கு, நிலவறையும் தோண்டிப் பாத்தாச்சு.”

“அளவு இருக்குங்கறது மட்டும் காரணமாயிடுமாடி? கோட்டைக்கு ஊரே காசு போட்டுச்சு. இதுக்கு யார் கேக்கறாங்க?”

“நிறைய பேர் கேக்கறாங்க சித்தி. என் வகுப்புலயே பாதிப் பேர்.”

“மீதிப் பாதி?”

“உங்களை மாதிரிதான்” என்றாள். விடுதி வந்து சேரும்வரை விட்டுக்கொடுக்காமல் வாதாடினோம்.