உப்புத் தண்ணீர் கீழே, நல்ல தண்ணீர் மேலே

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனையைப் பள்ளியில் பார்க்காதவர்கள் குறைவு. அதைவிட சுவாரசியமான ஒன்று இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உப்புத் தண்ணீர், அதில் கொஞ்சம் நீல மை. இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டையும் வாய்வரை நிரப்பி, குழாய்த் தண்ணீர் பாட்டிலின் வாயை ஒரு அட்டையால் மூடி, மற்றதன் மேல் கவிழ்த்து, அட்டையை மெதுவாக உருவுங்கள். ஒன்றுமே நடக்காது! நீலம் கீழே, தெளிவு மேலே, அப்படியே நிற்கும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் திருப்புங்கள். சில நொடிகளில் எல்லாம் நீலம்.

காரணம் எடைதான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 1000 கிராம், கடல்நீர் சுமார் 1025 கிராம். இந்த 25 கிராம் கடலையே நகர்த்தும். இத்தாலியரான மார்சிலி இஸ்தான்புல் ஜலசந்தியில் மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் எதிர்ப்பக்கமும் ஓடுவதை ஆராய்ந்து, தொட்டியில் செய்தும் காட்டி, 1681-ல் எழுதினார். அடிநீரோட்டத்தைப் பற்றி அவருக்குச் சொன்னவர்களில் அந்த ஊர் மீனவர்களும் உண்டு. காசிமேட்டுக்காரர்கள் பெருமைப்படலாம்!

சரி, நம்ம கடலுக்கு வருவோம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி என்று பெரிய நதிகள் எல்லாம் வங்கக்கடலில்தான் விழுகின்றன. கடல்நீரில் பொதுவாகக் கிலோவுக்கு 35 கிராம் உப்பு; மழைக்காலம் முடிந்ததும் வட வங்கக்கடலின் மேல்பரப்பில் அது 30-க்கும் கீழே போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கிலிருந்து தெற்காக ஓடும் கரையோர நீரோட்டம் இந்த உப்பு குறைந்த நீரை ராயபுரம் வழியாக இலங்கை வரை கொண்டுபோகிறது. (நீரோட்டத்தில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு, உப்பு மட்டும் இல்லை.)

அதாவது நம் கடல் அந்த முதல் பாட்டில் மாதிரி. மேலே லேசான நீர் மூடி போட்டு உட்கார்ந்திருக்கிறது. இதனால் இரண்டு விளைவு. அடியிலுள்ள சத்து எளிதில் மேலே வராது. அரபிக்கடலைவிட இங்கே மீனுக்கு இரை குறைவு. இரண்டாவது புயல். பலத்த காற்று அடித்தால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கலந்து மேலே வந்து புயலின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூடி அதைத் தடுக்கிறது. மேல்நீர் சூடாகவே இருக்க, புயலுக்குத் தீனி கிடைக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையில் கரை கடந்ததும் இந்தப் பருவத்தில்தான். அந்தப் புயலுக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் படகுகளைக் கட்டிப்போடுகிறவர்களுக்கு இந்த மூடி வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை.

வட அட்லாண்டிக்கில் கதை தலைகீழ். அங்கே குளிர்ந்த உப்புநீர் கனத்து மூழ்குவதுதான் உலகளாவிய ஆழ்கடல் ஓட்டத்துக்கு ஆதாரம். கிரீன்லாந்துப் பனி உருகி அங்கேயும் நல்ல தண்ணீர் மூடி போட்டால் அந்த ஓட்டம் தளரும் என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள். மூடி போட்ட கடல் எப்படி இருக்கும் என்பது நமக்குப் புதிதில்லை. அதன் கரையில்தான் குடியிருக்கிறோம்.