பெயர் பிறகு வரட்டும்

விலங்கியல் படித்தவர்கள் நடுவில் வாயைத் திறக்கக் கூசுகிறவன் நான். படித்தது வணிகவியல், பார்த்தது வங்கி வேலை. பூச்சிகள்மேல் ஆசை மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் பெயர் தெரியாததை எழுதி வைத்து என்ன பயன் என்று எதையும் குறித்து வைத்ததில்லை.

அந்தக் கூச்சத்தைப் போக்கியது ஓர் ஈ. மாடித் தோட்டத்தில் விதைக்கு விட்ட கொத்தமல்லி பூத்திருந்தது. மஞ்சளும் கறுப்புமாய் வரியோடிய ஒன்று, பூவுக்கு மேலே அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. குளவி என்றுதான் யாரும் ஒதுங்குவார்கள். உற்றுப் பார்த்தால் குளவிக்குரிய நான்கு இறக்கைகள் இல்லை, இரண்டுதான், உணர்கொம்புகளும் குட்டை. கொட்டத் தெரியாத ஈ, குளவி வேஷம் போட்டுப் பிழைக்கிறது. கைபேசியில் படமெடுத்தபோது அடுத்த வீட்டு அம்மா கேட்டார்: "ஈயைப் போயா சார் போட்டோ பிடிக்கிறீங்க?"

படத்தை, உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றி, பெயர் கேட்ட இடத்தில் 'ஈ' என்று மட்டும் போட்டேன். விவரம் தெரிந்தவர்கள் பார்த்து 'இஸ்கியோடன் ஸ்குட்டெல்லாரிஸ்' என்று சொன்னார்கள். இந்தியாவில் பரவலாக இருப்பதுதான். அதன் புழு அசுவினியைத் தின்று வளரும் என்று படித்தபின், அவரைக்கொடியில் அசுவினிக் கூட்டத்துக்குள் நெளிந்த புழுக்களை நசுக்காமல் விட்டேன்.

பெயரைப் பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த ஊர், எந்த நாள், எந்தப் பூ என்பதை நேரில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் 1972 முதல் 30 ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்து உயிர்களைக் குறித்துவந்தார். சேர்ந்தது 2,673 வகை. அதில் நான் படமெடுத்த ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தவை மட்டும் 94. அவர் விலங்கியல் கற்றவர். ஆனாலும் எல்லாவற்றுக்கும் தாமே பெயர் சொல்லவில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளை வேறு நிபுணர்களைக் கொண்டே அடையாளம் கண்டார். அவருக்கே அப்படியென்றால் நமக்கென்ன வெட்கம்?

வீட்டில் துளசி பூத்திருந்தால் வெயில் ஏறும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று எடுங்கள். இறக்கை நரம்புகளும் கண்களும் தெளிவாகத் தெரிந்தால் அடையாளம் சொல்பவருக்கு வேலை சுலபம். இடமும் தேதியும் விடுபட வேண்டாம். 'எங்கும் இருக்கிற ஈதானே' என்று தோன்றினாலும் ஏற்றுங்கள். எங்கும் இருப்பது என்றாவது அருகிப்போனால், முன்பு இருந்தது என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி.