டீஜேயா, பேண்டா? எங்கட கலியாண வீட்டில் நடந்த பேச்சு



இப்போது ஊரில் ஒரு கலியாணம் பேசி முடிந்தால் மண்டபம், சாப்பாடு, உடுப்பு என்று பேச்சு போகிறது. அடுத்ததாக இளைஞர்கள் கேட்பது, "பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்பதுதான். டீஜே பிடிப்பதா, பேண்ட் பிடிப்பதா என்பதில் சம்பந்திமாருக்குள் மனஸ்தாபம் வந்த வீடுகளும் உண்டு. ராத்தாவின் மகளுடைய கலியாணத்தில் எங்களுக்கும் இதே கேள்வி வந்தது. நாங்கள் புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் ஆசிரியர்கள் என்பதால் இரண்டு பக்கத்தாரும் எங்களிடம் வந்து நியாயம் கேட்டார்கள். அப்போது விசாரித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறோம். யாரையும் குத்திக்காட்ட அல்ல.

முதலில் இரண்டையும் பற்றி விசாரித்தோம். டீஜே என்றால் ஒருவர், ஒரு லெப்டொப், பெரிய ஸ்பீக்கர்கள், கலர் லைட். எந்தப் பாட்டைக் கேட்டாலும் உடனே போடுவார். களைப்பில்லை, இடைவேளை இல்லை. பேண்டை விடச் செலவு குறைவு. ஆனால் அவர் கண் ஆடுகிறவர்கள் மேல்தான் இருக்கும். மற்ற மேசைகளில் இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சுகம் விசாரிக்கவும் கத்த வேண்டும். பெரியவர்கள் சாப்பிட்ட கையோடு எழும்பிப் போய்விடுவார்கள்.

பேண்ட் என்றால் பாடகர், கீபோர்ட், கிட்டார், ஒக்டபேட் என்று ஐந்தாறு பேர். மேடை வேண்டும், வேன் கூலி வேண்டும், அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். தெரிந்த பாட்டுகளைத்தான் பாடுவார்கள். ஆனால் சபையைப் பார்த்துப் பாடுவார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். கொழும்புப் பக்கம் ஹோட்டல் கலியாணங்களில் கலிப்சோ என்று ஒன்று இருக்கிறது. நாலு பேர் கிட்டாரும் பொங்கோவும் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்து பாடுவார்கள். ஸ்பீக்கரே தேவையில்லை. சிங்கள ஆசிரியர் ஒருவரின் மகனுடைய கலியாணத்தில் பார்த்தோம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பேசவும் முடிந்தது.

இதில் எங்கட பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ராத்தா கேட்டா. நியாயமான கேள்வி. நம்மட கலியாணங்களில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பேண்ட் ஆண்கள் பக்கம்தான் நிற்கும். பெண்களுக்குத் திரைக்கு அங்கால் இருந்து சத்தம் மட்டும்தான் வரும். மருதோன்றி இரவுக்கு ஆண் டீஜேயைக் கூப்பிடவும் முடியாது. ஆகவே இரண்டில் எதைப் பிடித்தாலும் கலியாணப் பெண்ணுக்கும் அவளுடைய கூட்டாளிமாருக்கும் அதில் பங்கில்லை.

மார்க்க விஷயத்தில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இசைக் கருவிகளே கூடாது என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். வரம்போடு அனுமதி உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கலியாணத்தில் தஃப் அடித்தது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் திருமணத்தின்போது சிறுமிகள் தஃப் அடித்து, பத்ரில் ஷஹீதானவர்களை நினைத்துப் பாடினார்கள். அதில் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார் என்று பாடியபோது, அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். திருத்தியது சொல்லைத்தான். தஃபை நிறுத்தவில்லை. அன்ஸாரி ஒருவருக்கு மணப்பெண்ணை அனுப்பிய சமயம், அன்ஸாரிகளுக்கு விருப்பமான கேளிக்கை ஏதும் இல்லையா என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டதும் அதே நூலில் இருக்கிறது. கலியாண வீடு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

பிரச்சினை காசில்தான் வந்தது. கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் கலியாணம். அந்தக் கடனே மச்சானுக்கு இன்னும் முடியவில்லை. டீஜே கேட்டது மாப்பிள்ளையின் கூட்டாளிமார். காசு கொடுக்க வேண்டியது பெண்ணின் வாப்பா. லைட்டோடு சேர்த்து அவர்கள் சொன்ன தொகை எங்களில் ஒருவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. "பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், செய்வோம்" என்று மட்டும் சொன்னார். பெண்ணைக் கொடுக்கும் வாப்பாவுக்கு 'இல்லை' என்று சொல்லும் தைரியம் வராது. அதனால் அந்தச் சொல்லை வேறு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

மாப்பிள்ளைக்கு நாங்களே கோல் எடுத்தோம். நல்ல பிள்ளை. மறைக்காமல் சொன்னார்: "மாமா, எனக்கு டீஜே வேணும் எண்டு இல்ல. ஒண்டுமே இல்லாட்டி மையத்து வீடு மாதிரி இருக்கு எண்டு கூட்டாளிமார் சொல்லுவாங்க." அவருக்கு இருந்தது ஆசையை விடப் பயம்தான். "சும்மா இருக்காது மகன், பொல்லடி வைப்போம்" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "மூத்தவாப்பாட கலியாணத்தில பொல்லடி இருந்த எண்டு உம்மா சொல்லுவா" என்றார். பிறகு சரி என்றார்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் ஒரு காலம் பொல்லடியும் பக்கீர் பைத்தும் இல்லாமல் பெரிய கலியாணம் இல்லை. அண்ணாவியார் பாட, கையில் கம்போடு வட்டமாகச் சுற்றி, அடித்து, குனிந்து, நிமிர்ந்து ஆடுவார்கள். இப்போது அது பாடசாலை மீலாத் மேடையிலும் அமைச்சர்மார் வரும்போதும் மட்டும் தெரிகிறது. நாங்கள் போய்ச் சந்தித்த அண்ணாவியாரின் குழுவில் 12 பேர். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. பழக வரும் பெடியன்களை வைத்திருக்க முடியவில்லையாம், கலியாணத்துக்கு ஒருவரும் கூப்பிடாததால். காசைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒன்றுதான் கேட்டார்: "நாங்க ஓயிற நேரத்தில ஸ்பீக்கர்ல பாட்டுப் போடாதீங்க, சேர். பிறகு எங்கட கம்புச் சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது."

அவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சலோடு கணக்கை முடிக்கவில்லை. பேண்டுக்கு முற்பணம் கொடுப்பது போலவே முற்பணம் கொடுத்தோம், மிச்சத்தை அன்றைக்கே கையில் கொடுத்தோம். டீஜேக்குச் சொன்ன தொகையில் பாதிக்குக் கிட்டத்தான் வந்தது.

மருதோன்றி இரவில் பெண்கள் தாங்களே றபான் அடித்தார்கள். எண்பது வயது மூத்தம்மா ஒருவ குரவை போட்டா. கூடியிருந்த பிள்ளைகளில் பலருக்கு அதைப் போடத் தெரியவில்லை. இரவு முடிவதற்குள் நாலைந்து பேர் பழகிவிட்டார்கள்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். மாப்பிள்ளையின் கூட்டாளிமாரில் சிலர் வலீமாவில் இருந்து நேரத்தோடு போனார்கள். "பழைய காலத்துக்குப் போயிட்டாங்க" என்று பேச்சும் வந்தது. வரட்டும். மச்சான் புதுக் கடன் எடுக்கவில்லை.

அயலவர் விஷயமும் இருக்கிறது. இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை என்பது 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே வெலிகமயில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொடர்பாக வந்ததுதான் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பள்ளிவாசலுக்குள்ள கட்டுப்பாடு கலியாண வீட்டுக்கு இல்லையா? பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். டயலிசிஸ் செய்துவிட்டு வந்து படுத்திருக்கும் மனிதர் இருப்பார். அவர்கள் கலியாணத்தைக் கெடுக்கக் கூடாது என்று வாய் திறக்க மாட்டார்கள். நாம்தான் நினைக்க வேண்டும்.

டீஜே பிடித்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. வசதி இருந்து, அயலவரிடமும் கேட்டு, அளவான சத்தத்தில் வைத்தால் அது அவர்கள் விருப்பம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டியலை அனுப்பும் முன், அதற்குக் காசு கொடுக்கும் மனிதரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அவர் வாயால் சொல்ல மாட்டார்.

உங்கள் வீட்டில் குரவை போடத் தெரிந்த, கலியாணக் கவி பாடத் தெரிந்த மூத்தம்மாமார் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அடுத்த கலியாணத்துக்கு அவர்களையும் கூப்பிடுவோம், இன்ஷா அல்லாஹ்.