காலாங்கில் மலாவிப் பெண்கள்

உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக 2011 ஜூலையில் சிங்கப்பூர் போயிருந்தேன். ஜாகை லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம். பூக்கடை, மளிகைக் கடை, இட்லிக் கடை என்று எங்கே நின்றாலும் அந்த வாரம் ஒரே பேச்சு. "யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒண்ணு இங்க ஆட வந்திருக்காம். ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவாம்!" நெட்பால் உலக சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. 16 நாட்டு அணிகள், ஜூலை 3 முதல் 10 வரை. இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றித்தான் அத்தனை பேச்சும். உயரம் 208 செ.மீ. பள்ளியில் த்ரோபால் ஆடியதோடு என் விளையாட்டுக் கணக்கு முடிந்திருந்தது. ஆனாலும் நம்ம பிள்ளையைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி, அடுத்த நிறுத்தமான டோபி காட்டில் வட்டப்பாதை ரயிலுக்கு மாறினால் ஸ்டேடியம் நிலையம். அந்தப் பாதை திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. படியேறி வெளியே வந்தால், பழைய தேசிய விளையாட்டரங்கை இடித்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. அதை ஒட்டி, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்து 1989இல் திறக்கப்பட்ட உள்ளரங்கம். நாலு பக்கமும் சரிந்து நடுவில் எழும்பும் கூரை. பின்னால் காலாங் நீர்ப்பரப்பு.

பக்கத்து இருக்கையில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ் அக்கா. பள்ளி நாட்களில் நெட்பால் ஆடியவர். "உங்க ஊர்ல இது இல்லையா? இங்க பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் ஸ்கூல்லயே ஆடிருவாங்க" என்று சொல்லி, ஆட்டம் ஓட ஓடவே விதிகளைப் புரிய வைத்தார். அணிக்கு ஏழு பேர். கூடைப்பந்து மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. கையில் வந்த பந்தை 3 நொடிக்குள் விட்டாக வேண்டும். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில், பின்னால் பலகையே இல்லாமல் ஒற்றைக் கம்பத்தில் நிற்கும். கோல் போடும் உரிமை இருவருக்கு மட்டும், அதுவும் அரைவட்டத்துக்குள் நின்றால்தான். தடுப்பவர் 90 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும்.

தர்ஜினியைக் கண் குளிரப் பார்த்தேன். வளையத்தின் கீழே நிலையாக நின்று கைகளை உயர்த்துகிறார். தோழிகள் பந்தை வானத்துக்கு வீசுகிறார்கள். எதிராளிகள் எம்பியும் எட்டாத உயரத்தில் அதைப் பிடித்து, அவசரமே இல்லாமல் வளையத்துக்குள் விடுகிறார். போர் தின்ற யாழ்ப்பாணத்திலிருந்து இப்படி ஒருத்தி வந்து நிற்கிறாளே என்று தொண்டை அடைத்தது.

ஆனால் என்னை மறுபடி மறுபடி அரங்கத்துக்கு இழுத்தது மலாவி. அதுவரை அந்த நாட்டை வரைபடத்தில்கூடத் தேடியதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத சின்ன நாடு, அன்றைக்கு மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. ஆண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பையை எட்டியதே இல்லை. நெட்பால் பெண்களோ உலகின் முதல் பத்து அணிகளுக்குள் நிற்கிறார்கள். ஊரில் அவர்களுக்குப் பெயர் 'குயின்ஸ்'. தங்கள் நாட்டின் ஆகச் சிறந்த அணி பெண்களின் அணி என்று தெரிந்தே அங்கே ஒரு சிறுமி வளர்கிறாள். இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. இரண்டு கம்பம், ஒரு பந்து, கொஞ்சம் மண்தரை போதும் இந்த ஆட்டத்துக்கு. மண்தரை நம்மிடமும் இருந்தது. வயதுக்கு வந்ததும் எங்களை அதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் மலாவியும் தென்னாப்பிரிக்காவும் மோதின. இனவெறி ஆட்சியின் காரணமாகப் பல ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா, 1995 பர்மிங்காம் சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பி வந்த கையோடு இரண்டாம் இடம் பிடித்த அணி. உயரமும் உடல்கட்டும் அவர்கள் பக்கம். மலாவியின் பலம் வேகம். பந்து ஒரு கையில் தங்கியதாக நினைவில்லை. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து குறுக்கே, வாங்கும்போதே அடுத்தவள் ஓடத் தொடங்கியிருப்பாள், பந்து அவள் போகும் இடத்துக்கு முன்னாடியே போய் நிற்கும். முவாயி கும்வெண்டா அந்த அணியின் கோல் ஷூட்டர். தடுப்பவள் இடப்பக்கம் சாய்ந்தால் இவர் வலப்பக்கம் முளைப்பார், அங்கே திரும்பினால் பழைய இடத்தில் நிற்பார். மணிக்கட்டை மட்டும் மடக்கிப் பந்தை விடும்போது கண் வளையத்தின் பின்விளிம்பிலேயே இருக்கும். அக்கா என் தோளில் தட்டி, "கால பாருங்க, கால!" என்றார். அதன் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை. கோட்டை மிதிக்காமல், இறங்கிய காலை இழுக்காமல், அத்தனை வேகத்தையும் ஓரடிக்குள் நிறுத்தும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஒரு மூலையில் கைப்பிடி அளவு மலாவிக்காரர்கள். சிவப்பு, கறுப்பு, பச்சைப் பட்டைகளின் நடுவே வெள்ளைச் சூரியன் இருந்த கொடி. (அடுத்த ஆண்டே நாடு தன் பழைய கொடிக்குத் திரும்பிவிட்டது.) 1964இல் அவர்கள் விடுதலை பெற்ற ஜூலை 6 அந்த வாரத்தில்தான் வந்துபோயிருந்தது. பாட்டு நிற்கவே இல்லை. தென்னாப்பிரிக்கா வென்று ஐந்தாம் இடம் பிடித்தது, மலாவிக்கு ஆறாம் இடம். பாட்டு அப்போதும் நிற்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58-57 என்று வென்றது. அரங்கமே எழுந்து நின்றது, நானும்தான்.

கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவில் பிறந்து, சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிக்குப் போய் நெட்பாலாக வடிவம் எடுத்தது. பிரிட்டிஷ் பள்ளிகள் போன இடமெல்லாம் கூடவே போனது. நாட்டுக்கு நாடு வேறு வேறாக இருந்த விதிகளை ஒன்றாக்க 1960இல் கூடிப் பேசிய இடம் இலங்கை. இராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஆட்டம் நம் பக்கம் வேர்விடாமல் போனதில் எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, தேக்கா பக்கத்துப் பஃபலோ சாலைப் பூக்கடையில் ஆப்பிரிக்க வீராங்கனைகள் இருவர் நின்றிருந்தார்கள், ஆட்ட உடுப்பிலேயே. ஒருத்திக்கு மல்லிகை மேல் ஆசை. ஒட்ட வெட்டிய சுருள்முடியில் சரம் எப்படி நிற்கும்? பூக்கார அம்மா அசரவில்லை. "தலையைக் கொஞ்சம் குனிம்மா" என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண்ணும் புரிந்தவளாகக் குனிந்தாள். காதோரம் இரண்டு ஊசி குத்தி, சரத்தை வளைத்து வைத்து, காசு வேண்டாம் என்று கையசைத்தார். அவள் விடவில்லை, நோட்டைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனாள். பூக்கார அம்மா என்னிடம் திரும்பி, "எவ்ளோ உயரம் பாத்தியா! ஆத்தாக்காரி நல்லாச் சோறு போட்டு வளத்திருக்கா" என்றார். அந்த மனமார்ந்த பாராட்டை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பேன், அதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

பிறகு நடந்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்து வருகிறேன். கும்வெண்டா நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தொழில்முறை ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தார். தர்ஜினி 2018இல் அதே சிங்கப்பூரில் ஆசியக் கோப்பையை வென்ற இலங்கை அணியில் ஆடினார். இறுதியில் தோற்றது சிங்கப்பூர், 69-50. 2023இல் உலகக் கோப்பை முதன்முதலாக ஆப்பிரிக்க மண்ணுக்குப் போனது. கேப் டவுனில் உகாண்டா ஐந்தாம் இடம், தென்னாப்பிரிக்கா ஆறு, மலாவி ஏழு. நாற்பது வயதைத் தாண்டியும் தர்ஜினி அங்கே ஆடினார். நெட்பாலில் மட்டுமல்ல, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் கூடைப்பந்திலும் நைஜீரியப் பெண்கள் ஆஸ்திரேலியாவையும் கனடாவையும் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார்கள். ஆண்களிலோ பெண்களிலோ அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் ஒலிம்பிக் கூடைப்பந்தில் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

2027 நெட்பால் உலகக் கோப்பை சிட்னியில். இந்த முறை மலாவிக்காரர்கள் பாடும் மூலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.