நாத்தனாரின் கடன் கணக்கு

வெள்ளி இரவு, பேரிகை

நாத்தனார் ஆறாயிரம் ரூபாய் கைமாற்று கேட்டு வந்தாள். லோன் பாஸாகிவிட்டதாம், மூன்று லட்சம். இருக்கிற கடனையெல்லாம் அடைத்துவிட்டு மாதம் ஒரே தவணை கட்டினால் போதுமாம். அதற்கு முன்பாக ஃபைல் சார்ஜ் ஆறாயிரத்தை இன்று மாலைக்குள் போட வேண்டுமாம். போனைக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம். மேலே சிங்க முத்திரை, நடுவில் பெரிதாக ‘முத்ரா’, கீழே கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும். வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம்.

முத்ரா 2015 ஏப்ரலில் வந்த திட்டம். தொழில் செய்கிறவர்களுக்கு வங்கிகள் தரும் கடன் அது. வீட்டுக் கடன்களை அடைக்கத் தருவது அல்ல. இப்படிப்பட்ட போலி ஒப்புதல் கடிதங்கள் சுற்றுவதாக மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. “கட்டணம் உண்டுன்னா லோன் தொகையிலயே பிடிச்சுக்குவாங்க. கடன் கொடுக்கிறவன் முதல்ல உன்கிட்ட எதுக்குப் பணம் கேக்கணும்?” என்றேன்.

“இது பொய்யா இருக்குமோன்னு எனக்கும் தோணிச்சு அண்ணி. ஆனா வேற யார்கிட்ட போய் கேக்கறது? அவருக்குத் தெரிஞ்சா வீட்டுல இருக்க முடியாது.”

இந்தப் பதில்தான் இரவெல்லாம் மனத்தில் நிற்கிறது. அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. சந்தேகத்தைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. மோசடிக்காரனுக்கு அது போதும்.

சனி

பேரிகையில் கடன் இல்லாத வீடு எது என்று யோசித்துப் பார்த்தேன். தக்காளி விலை விழுந்தால் ஒரு கடன், ரோஜாவுக்கு மருந்தடிக்க ஒரு கடன், பிள்ளையின் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு ஒன்று. ஆண்கள் பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டுக்கு வேனில் போகிறார்கள். பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலை, ஓவர்டைம் நின்றால் சம்பளம் படுத்துவிடும். பெண்களில் பலருக்குத் தாய்வீடு கர்நாடகத்து மாலூர்ப் பக்கம். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள். கடன்காரர்களுக்கும் எல்லைக்கோடு கிடையாது, இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

மைக்ரோ பைனான்ஸ் வசூல் தொல்லையால் தற்கொலைகள் நடந்து ஊர் கொதித்த பிறகு, கர்நாடகம் 2025 பிப்ரவரியில் மிரட்டல் வசூலைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டது. ஏப்ரலில் நம் சட்டமன்றமும் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. கந்துவட்டித் தடைச் சட்டம் இங்கே 2003 முதலே இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பார்த்தோம். அந்தப் படம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. சட்டம் வேண்டும், மறுப்பே இல்லை. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு காகிதமாவது கையில் இருக்க வேண்டும்.

ஞாயிறு

கணவன், மனைவி இருவரையும் உட்கார வைத்தேன். அவள் முதலில் ஒப்பவில்லை. “அவன் திட்டினா நான் இருக்கேன்” என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன்.

அவள் சொன்னவை: பூ மண்டியில் தெரிந்த ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 50,000. தண்டலில் 20,000, அதில் இன்னும் 9,000 பாக்கி. இரண்டு தனியார் குழு லோன், 31,000 ஒன்று, 22,000 ஒன்று. மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடையில், ரெண்டு வட்டிக்கு 60,000.

அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு போனில் அவனுடைய கடன் அறிக்கையை எடுத்தோம். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. அதற்கு எந்த ஏஜென்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அறிக்கையில் கிரெடிட் கார்டு பாக்கி 38,000 இருந்தது. செல்போன் தவணை ஒன்று, மாதம் 1,900, இன்னும் நான்கு மாதம். இரண்டுமே அவளுக்குத் தெரியாது. குழு லோன் இரண்டு என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் மறைத்து, மறைத்ததை அடைக்க மறுபடி கடன் வாங்கியிருக்கிறார்கள். நான் நினைத்ததுபோல அவன் திட்டவில்லை. “சொல்லியிருக்கலாமே” என்றான். “நீயும்தான்” என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வட்டியைக் கணக்கிட்டோம். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றினால்தான் எது தின்கிறது என்று தெரியும். அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து, ஆண்டுக்கு 60 சதவீதம். ஒவ்வொரு மாதமும் 2,500 கட்டுகிறாள், அசல் அசையவே இல்லை. கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை, ஆண்டுக்கு 42. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருக்கிறான். ரெண்டு வட்டி 24. குழு லோனும் கிட்டத்தட்ட அதே அளவு. தண்டல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிற கணக்கு. இருபதாயிரம் என்று பேர், கையில் கொடுத்தது பதினேழாயிரம், நூறு நாளைக்குத் தினம் இருநூறு. மூவாயிரம்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போவதால் ஆண்டுக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தொடும்.

எல்லாவற்றையும் ஒரே கடனாக்கிவிடலாம் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். நான் மறுத்தேன். தண்டலை இன்றைக்கே அடைத்தாலும் மிச்சமுள்ள ஒன்பதாயிரத்தையும் முழுசாகத்தான் கேட்பார்கள், ஒரு ரூபாய் குறையாது. அது ஓடி முடியட்டும், திரும்ப எடுக்காமல் இருந்தால் போதும். செல்போன் தவணையும் அப்படியே முடிந்துவிடும். குழு லோன்கள் பாதி தாண்டிவிட்டன. பிறகு கையில் பணம் வந்தால் முன்கூட்டியே அடைக்கலாம், மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. மாற்ற வேண்டியவை மூன்று: அஞ்சு வட்டி, கார்டு, அடகு. மொத்தம் 1,48,000. இவற்றுக்கு வட்டி மட்டும் மாதம் ஐயாயிரத்துக்கு மேல் போகிறது. பத்து சதவீதத்தில் ஒரு கடன் கிடைத்தால் அதுவே ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

வழி அந்தச் சங்கிலியிலேயே இருந்தது. அடகு வைத்தபோது இருந்த விலை வேறு, இன்றைய தங்க விலை வேறு. அதே மூன்று பவுனுக்கு வங்கியில் இந்தத் தொகை தாராளமாகக் கிடைக்கும்.

செவ்வாய்

வங்கிக்குப் போய் வந்தோம். நகைக் கடன் வட்டி நான் கணக்குப் போட்டதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். 2024 அக்டோபரிலிருந்து தவணைக் கடன்களுக்கு அந்த விவரத் தாள் கட்டாயம். எந்தக் கடனானாலும் அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு வர வேண்டும்.

இன்னொன்றும் மேலாளரிடம் கேட்டேன். தனியாரிடம் வாங்கிய கடனில் சிக்கித் தவிப்பவர், அதை அடைக்க வங்கியில் சிறு கடன் வாங்கினால், அதை முன்னுரிமைக் கடனாகக் கணக்கில் சேர்க்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறையில் இடம் உண்டு. விவசாயிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இதனால் வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்றாகாது. ஆனால் கந்துவட்டியை அடைக்க லோன் கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல, ரிசர்வ் வங்கியே எதிர்பார்த்த தேவை அது. நகை இல்லாத வீட்டுக்கு இந்த வழிதான். ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

புதன்

அந்த முத்ராக்காரன் காலையில் போன் செய்திருக்கிறான். பணம் போடாவிட்டால் ஃபைல் கேன்சலாகும், போலீஸ் கேஸ் வரும் என்று மிரட்டல். ஆதாரும் பான் கார்டும் அனுப்பிவிட்டிருந்தாள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். அவள் பேரில் புதிதாகக் கடன் எதுவும் முளைக்கிறதா என்று அறிக்கையை அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு வேறொரு விளம்பரம் வந்திருந்தது. தவணையைக் கட்டாதீர்கள், எங்களுக்குக் கட்டணம் கொடுங்கள், பாதித் தொகையில் கடனை முடித்துத் தருகிறோம் என்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கடன் தள்ளுபடிச் சான்றிதழ் தருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. அந்தக் காகிதத்தை எந்த வங்கியும் ஏற்காது. பாதி கொடுத்து வங்கியோடு நேரடியாகவே முடித்தாலும், முழுசாக அடைக்கவில்லை என்ற குறிப்பு அறிக்கையில் நின்று அடுத்த கடனுக்கு இடைஞ்சல் செய்யும்.

லோன் ஆப் பற்றியும் கேட்டான். 2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஏறக்குறைய 1,100 ஆப்களைப் பார்த்து, அவற்றில் 600 சட்டவிரோதம் என்றது. போனிலுள்ள எண்களையும் படங்களையும் கேட்கிற ஆப் எதுவானாலும் அழித்துவிடு என்றேன். பணம் தருவதற்கா அது படத்தைக் கேட்கிறது?

வெள்ளி

சங்கிலியை மீட்க முதலில் 60,000 வேண்டியிருந்தது. எங்கள் மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து தீர்மானம் எழுதி எடுத்தோம். காலையில் அடகுக் கடை, மதியம் வங்கி, மாலைக்குள் குழுக் கணக்கில் பணம் திரும்பிவிட்டது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதலில் முளைத்தது 1989-இல், அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல்தான். இந்த மண்ணில் விளைந்த ஏற்பாடு இது. வாரா வாரம் வசூலுக்கு வருகிற தனியார் குழுவையும் இதையும் ஒன்றாக நினைத்து இதை விட்டு விலகுகிற பெண்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. ஒழுங்காகக் கட்டும் குழுவுக்கு மூன்று லட்சம் வரை 7 சதவீதத்தில் வங்கிக் கடன் கிடைக்கிறது.

அஞ்சு வட்டிக்காரரிடம் மூன்று பேராகப் போனோம். புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கும் அவரிடம் இருந்தன. அவற்றை மேசைமேல் வைத்த பிறகுதான் பணத்தை எண்ணினோம். இந்த மாத வட்டி பாக்கி என்று கொஞ்சம் முறுக்கினார். 2003 சட்டத்தின்படி தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மனுப் போடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். நோட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஞாயிறு

நகைக் கடனை நினைத்தால் இன்னும் பயம் இருக்கிறது. ஓராண்டுக்குள் திருப்பாவிட்டால் ஏலத்துக்குப் போகும், அந்த வீட்டில் வேறு தங்கம் கிடையாது. மாதம் மிச்சமாகும் 3,800 ரூபாயையும் சம்பளத் தேதிக்கு மறுநாளே அசலில் கட்ட வேண்டும் என்று பேச்சு. தண்டல் முடிந்ததும் அந்தத் தினம் இருநூறும் அங்கேயே போகும். கார்டை மூடக் கடிதம் கொடுத்துவிட்டான்.

மாலையில் குழுக் கூட்டம். தனியார் குழு லோனுக்கு இரவு ஏழு மணிக்கு ஆள் வந்து உட்காருவதாக ஒருத்தி சொன்னாள். காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் வரக் கூடாது என்ற விதியைச் சொல்லி, அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் எழுதினோம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், சந்தேகம் கேட்க 14448. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் தங்கள் கடன் அட்டைகளைக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் வைத்தேன். நாலு பேர் வேண்டாம் என்றார்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடுமாம். அவர்கள் வீட்டுக்கு, கம்பெனி வேன் கிளம்பிய பிறகு, நானும் நாத்தனாரும் ஒவ்வொரு நாளாகப் போவதாக முடிவு. அவளே முதலில் வருகிறேன் என்றாள்.