நாலில் ஒன்று

அலுவலகப் பின்னறைச் சேமிப்புப் பெட்டியில் நாலு ஹார்ட் டிஸ்க். மூன்றில் பச்சை விளக்கு எரிய, இரண்டாவதில் மட்டும் செம்மஞ்சள். பார்த்தது ஒரு திங்கட்கிழமை, கை வைத்தது வியாழக்கிழமை. இடையில் எல்லாம் வழமைபோலவே ஓடியது. கோப்புகள் திறந்தன, ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் பழைய செக்றோல் புத்தகங்களின் படங்கள். யார், எந்த மாதம், எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள் வேலை) என்று கணக்கப்பிள்ளைமார் எழுதிவைத்தவை. படம் எடுத்த பிறகு சில புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. இனி அவற்றுக்குப் படம்தான் மூலம். றத்தோட்டைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, தன் தாயின் பெயர் இருந்த வரியைத் திரையில் கண்டதும் அதன்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். "அம்மா கைரேகைதான் வைப்பாங்க தம்பி, பேர எழுதினது யாரோ" என்றார். 2023இல், மலையகத்தார் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து பலர் நடந்துவந்து சேர்ந்த ஊர் எங்கள் மாத்தளை. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுடைய உழைப்புக் கணக்கைத்தான் அந்த நாலு தட்டுகளும் சுமக்கின்றன.

ஒன்று போனாலும் மற்றவை ஓடுவது எப்படி? மூன்றில் 4, 7, 2 என்று எழுதி, நாலாவதில் கூட்டுத்தொகை 13 என்று வைத்துவிடுங்கள். 7 அழிந்தால் 13இலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதை மீட்கலாம். எங்கள் பெட்டியில் உள்ள ரெயிட் 5 என்ற ஏற்பாடு செய்வது ஏறக்குறைய இதுதான். கூட்டுத்தொகையை ஒரே டிஸ்க்கில் வைக்காமல் நாலிலும் மாற்றி மாற்றிப் பரப்பும். பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூவர் 1988இல் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கட்டுரை இந்த ஏற்பாட்டுக்குப் பெயரும் வடிவமும் கொடுத்தது. மலிவான டிஸ்க்குகளை ஒருங்கே கோத்துப் பெரிய வேலை வாங்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

ஆனால் 7 போன பிறகு 2உம் போனால் கழிக்க வழியில்லை. எங்கள் நாலும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கி, ஒரே வெக்கையில், ஒரே வேலை செய்து கிழடானவை. புதிய டிஸ்க்கைச் செருகினால் மிஞ்சிய மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். 4 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 100 மெகாபைட் வீதம் ஓடினாலும் 11 மணித்தியாலம். களைத்துப் போனவற்றுக்கு வாழ்நாளிலேயே கடினமான வேலை அந்த 11 மணித்தியாலத்தில்தான்.

ஒன்று போனால் எல்லாம் போய்விடும் என்ற இந்தப் பயம் இந்த ஊருக்குப் புதிதல்ல. மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் அளுவிகாரை. பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம் அதுவே என்பது மரபு, காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு, வலகம்பா மன்னன் நாள். அதுவரை அத்தனையும் துறவிகளின் நெஞ்சில்தான் இருந்தது. ஒவ்வொரு கூட்டத்தார் ஒவ்வொரு பகுதியை ஓதிக் காத்தார்கள். கொடும் பஞ்சத்தில் ஓதுவோர் குறைந்துபோக, 'மகாநித்தேசம்' என்ற நூல் ஒரே ஒரு துறவிக்கு மட்டும் தெரிந்திருந்ததாம். ஒழுக்கம் கெட்டவர் என்று பெயரெடுத்தவர் அவர். அவரிடம் போய்ப் படிப்பதா என்று மகாரக்கித தேரர் தயங்க, "நான் பக்கத்தில் இருக்கிறேன், படி" என்று ஒரு மூத்த தேரர் சொல்கிறார். இரவும் பகலும் விடாமல் ஓதி மகாரக்கிதர் அந்த நூலை வாங்கிக்கொண்டார் என்கிறது 'சமந்தபாசாதிகா' உரை. பிறகு பலர் அவரிடம் கற்றார்கள். எனக்கு இந்தக் கதையில் எழுத்தாணியைவிட அந்தத் தயக்கமும் அவசரமும்தான் பெரிது. ஓலையில் எழுதிய பிறகும் ஓர் இடத்தை நம்பியிருக்க முடியவில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியில் அளுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது. வேறு விகாரைகளில் பிரதிகள் இருந்தபடியால் நூல்கள் பிழைத்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த பல சுவடிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ரெயிட்டும் ஒரே பெட்டிதான். இடி விழுந்தாலும் வைரஸ் புகுந்தாலும் நாலும் ஒன்றாகப் போகும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினியில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தபோது, மே மாதத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள் மீளவேயில்லை; அந்த மாதங்களுக்குப் பேக்கப் இருக்கவில்லை.

ஆகவே வியாழக்கிழமை புதிய டிஸ்க்கைச் செருக அவசரப்படவில்லை. முதலில் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுத்தேன். கறையான் தின்ற புத்தகங்களின் படங்கள்தான் முதல். அது முடிந்து, சரிபார்த்து, வெள்ளி பின்னேரம்தான் பழையதைக் கழற்றினோம். நல்ல டிஸ்க்கைத் தவறி உருவிவிட்டால் எல்லாம் முடிந்தது. திரையில் காட்டிய தொடர் எண்ணை நான் வாசிக்க, கூட வேலை செய்யும் தம்பி டோர்ச்சைப் பிடித்து லேபிளைப் பார்த்தான். "அண்ணா, கடைசி நாலையும் இன்னொருக்கா சொல்லுங்க" என்றான். சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டான். அவன் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இரவு முழுக்க இருவரும் அங்கேயே இருந்தோம். கரண்ட் போய்விடக் கூடாதே என்ற ஒரே நினைப்பு. விடியற்காலை 5 மணிக்கு மேல் நாலு விளக்கும் பச்சையாகின. அந்த நிம்மதியோடு ஒவ்வொன்றின் உள்கணக்கையும் திறந்து பார்த்தேன். மூன்றாவது டிஸ்க்கில், பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை 0இலிருந்து 16 ஆகியிருந்தது. கடை திறக்கும் நேரம்வரை காத்திருந்து, இன்னொரு டிஸ்க்குக்குச் சொன்னேன், வேறு கடையில்.